தாடியஸுக்குத் தாடி கிடையாது: எங்கோ வாழ்ந்த ஒரு வக்கீலை நம்மூர் நூலகத்தில் பேசுவது எப்படி

மன்னார்குடி கோர்ட்டில் 34 வருஷம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன் நான். எங்கள் வக்கீல் ஐயா காலமானதும் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கிராமத்துக்கே வந்துவிட்டேன். இங்கே ஊர்ப்புற நூலகத்தில் மாதம் ஒரு சனிக்கிழமை வாசகர் வட்டம் கூடும். யாராவது ஒருவர் ஒரு மனிதரின் வாழ்க்கையை ஒரு மணி நேரம் சொல்ல வேண்டும். காந்தி ஐந்து முறை வந்துவிட்டார், காமராஜர் நான்கு முறை. என் முறை வந்தபோது அமெரிக்காவில் 1868இல் இறந்துபோன தாடியஸ் ஸ்டீவன்ஸ் என்ற வக்கீலை எடுத்துக்கொண்டேன்.

இரண்டு முறை பேசினேன். முதல் முறை பக்கத்து ஊரில். வந்தவர்கள் 22 பேர். முடிக்கும்போது மிச்சம் இருந்தவர்கள் ஐந்து பேர், அதில் ஒருவர் மைக் செட்காரர். இரண்டாவது முறை எங்கள் ஊரில். நூலகர் அம்மா விளக்கை அணைத்து அணைத்துப் போட்டுத்தான் கூட்டத்தைக் கலைக்க வேண்டியிருந்தது. ஆள் அதே ஆள், தேதிகளும் அதே தேதிகள். இடையில் என்ன மாறியது என்று எழுதி வைத்தால் அடுத்துப் பேசப் போகிறவர்களுக்கு உதவும் என்று நூலகர் அம்மா கேட்டார். அதனால் இது.

ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது அவர் எவ்வளவு பெரியவர் என்று பார்க்காதீர்கள். அவரிடமிருந்து உங்கள் வீட்டுத் திண்ணை வரைக்கும் ஒரு நூல் வருகிறதா என்று பாருங்கள். எனக்கு அந்த நூல் பேத்தி மூலம் வந்தது. அவள் திருச்சியில் சட்டம் படிக்கிறாள். லீவுக்கு வந்தவள் அரசியல் சட்டத்தின் 14ஆவது பிரிவைச் சத்தம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். சட்டத்தின் முன் சமம், சட்டத்தின் சமமான பாதுகாப்பு என்று இரண்டு சொற்றொடர் அதில் வரும். "தாத்தா, இந்த ரெண்டாவது எங்கேருந்து வந்துச்சு தெரியுமா? அமெரிக்காவோட 14ஆவது திருத்தத்துலேருந்து" என்றாள். கோர்ட்டில் ஆயிரம் மனுவில் அந்த 14ஐ நான் டைப் அடித்திருக்கிறேன். எங்கிருந்து வந்தது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அந்தத் திருத்தத்தை 1866 மே மாதம் பிரதிநிதிகள் சபையில் முன்வைத்துப் பேசியவர் யார் என்று தேடிப் போனதில் இந்த மனிதர் கிடைத்தார். 74 வயது, ஒரு கால் ஊனம், தலையில் விக்.

சரி, ஆள் கிடைத்தாயிற்று. அடுத்து கட்டு, அதாவது வழக்குக் காகிதங்களின் கட்டு. வக்கீல் ஆபீசில் ஒரு வழக்கைத் தூக்கிக்கொண்டு கோர்ட்டுக்குப் போகும் முன் குமாஸ்தா செய்யும் முதல் வேலை தேதி விவரம் எழுதுவது. ஒரே ஒரு தாள். இடப்பக்கம் தேதி, நடுவில் என்ன நடந்தது, வலப்பக்கம் அதற்கு என்ன ஆவணம். மனிதர் வாழ்க்கைக்கும் இதையே போடுங்கள். வலப்பக்கம் காலியாக இருக்கும் வரியை அடித்துவிடுங்கள். எனக்கு மிஞ்சியவை இவ்வளவுதான்: 1792 வெர்மான்ட் மாநிலம் டான்வில் ஊரில் பிறப்பு. 1814 டார்ட்மத் கல்லூரிப் படிப்பு முடிவு. 1816 வக்கீல் சன்னது (தொழில் செய்ய அனுமதி), கெட்டிஸ்பர்க்கில் தொழில். 1821 பட்லர் வழக்கு. 1835 பள்ளிச் சட்டப் பேச்சு. 1842 லங்காஸ்டருக்குக் குடிமாற்றம். 1849 முதல் தடவை பாராளுமன்றம். 1865, 66 திருத்தங்கள். 1868 ஆகஸ்ட் 11 மரணம். முதல் கூட்டத்தில் இதை அப்படியே மேலிருந்து கீழே வாசித்தேன். அதுதான் நான் செய்த தப்பு. தேதி விவரம் வக்கீல் கையில் இருக்க வேண்டிய தாள், ஜட்ஜுக்குப் படித்துக் காட்ட வேண்டியதில்லை.

பிறப்பில் தொடங்காமல் எங்கே தொடங்குவது? உயிலில். இது என் தொழில் புத்தி, ஆனால் சோதித்துப் பார்த்துவிட்டேன். மேடையில் ஆயிரம் பேசுகிறவர்கள் உண்டு. உயிலில் பொய் சொல்கிறவர்கள் குறைவு, ஏனென்றால் அதில் சொந்தக் காசு போகிறது. ஸ்டீவன்ஸ் எழுதிய உயிலில் நாலே நாலு ஷரத்தை எடுத்துக்கொண்டு இரண்டாவது கூட்டத்தை ஆரம்பித்தேன்.

ஒன்று, அம்மா. பீச்சம் என்ற ஊரில் அம்மாவின் சமாதி இருக்கிறது. அந்த இடுகாட்டுக்கு 500 டாலர். அதன் வட்டியை அங்கே வேலை பார்ப்பவருக்கு வருஷா வருஷம் கொடுக்க வேண்டும். சமாதியைச் சுத்தமாக வைத்து, வசந்த காலத்தில் நாலு மூலையிலும் ரோஜாவோ மனசுக்கு இதமான வேறு பூவோ நட வேண்டும் என்பது நிபந்தனை. எவ்வளவு கறாரான மனிதர், நாலு மூலை என்று எண்ணிச் சொல்கிறார். இதைச் சொன்னதும் முன்வரிசையில் இருந்த பெண்கள் கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்தார்கள். (ஆமாம், எங்கள் கூட்டத்துக்கு முறத்தோடும் வருவார்கள்.) இந்த இடத்தில்தான் குழந்தைப் பருவத்தைச் சொல்ல வேண்டும்: அப்பா செருப்புத் தைப்பவர், குடிப்பழக்கம், ஒரு நாள் வீட்டை விட்டுப் போனவர் திரும்பவில்லை. நாலு ஆண் பிள்ளைகள். இவருக்குப் பிறவியிலேயே பாதம் வளைந்திருந்தது. நிலத்தில் இறங்கி வேலை செய்ய முடியாத பிள்ளையைப் படிக்க வைத்தே தீருவது என்று அந்த அம்மா, பள்ளிக்கூடம் இருந்த பீச்சத்துக்குக் குடும்பத்தையே கொண்டுபோனார். ரோஜா முதலில் வந்துவிட்டதால் இந்த வறுமைக் கதை வெறும் வறுமைக் கதையாக இல்லாமல் கேட்பவர்கள் மனசில் ஒட்டுகிறது.

இரண்டு, அண்ணன் தம்பி வழிப் பிள்ளை. அவன் பெயரும் தாடியஸ்தான். குடிகாரன். சொத்தை டிரஸ்டிகள் கையில் ஒப்படைத்துவிட்டு, அவன் தொடர்ந்து ஐந்து வருஷம் ஒரு சொட்டுக்கூடத் தொடாமல் இருந்ததாகக் காட்டினால் நாலில் ஒரு பங்கை அவனுக்கு எழுதிக்கொடுக்கலாம் என்று எழுதியிருக்கிறார். இதற்குச் சிரிப்பு வரும், வரட்டும். "எங்க வீட்டுக்கும் ஒரு உயில் எழுதித் தாங்க" என்று ஒரு அக்கா குரல் கொடுத்தார். சிரிப்பு அடங்கும் வரை காத்திருங்கள். அதற்கு மேல் பேசினால் வீண்.

மூன்று, அனாதைக் குழந்தைகள் இல்லம். பணம் மிஞ்சினால் லங்காஸ்டரில் ஒன்று கட்ட வேண்டும். எந்த இனம், எந்த மதம் என்று பார்த்து யாரையும் ஒதுக்கக் கூடாது. நிறம் பார்க்காமல் எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே வகுப்பில் பாடம். அதோடு நிறுத்தவில்லை, எல்லாரும் ஒரே மேசையில் சாப்பிட வேண்டும் என்று தனியாக ஒரு வரி. பள்ளிக்கூடத்தில் சேர்த்துக்கொண்டு சாப்பாட்டில் பிரித்துவிடுவார்கள் என்று அந்த வக்கீலுக்குத் தெரிந்திருக்கிறது. கல்யாண வீட்டில் தனிப் பந்தி பார்த்த ஊர் நம்முடையது. விளக்கம் தேவையில்லை, வரியை இரண்டு முறை வாசித்துவிட்டு நகருங்கள்.

நான்கு, லிடியா ஹாமில்டன் ஸ்மித். இங்கே கவனம் வேண்டும், இந்தப் பெயர் வந்ததுமே கூட்டத்தில் கண்ணடிப்பு ஆரம்பித்துவிடும். கலப்பினப் பெண்மணி, கணவரை இழந்தவர், இரண்டு மகன்கள். ஸ்டீவன்ஸ் கல்யாணம் செய்துகொள்ளாதவர். சுமார் 20 வருஷம் அவர் வீட்டை லிடியா நிர்வகித்தார். இருவரையும் சேர்த்து வம்பு பேசுவது அந்தக் காலத்திலேயே ஓடியது, எதிர்க்கட்சிப் பத்திரிகைகள் அதை வைத்தே பிழைத்தன. நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்றால், ஆவணத்தில் இருப்பதை மட்டும் சொல்லுங்கள். கறுப்பினப் பெண்களைப் பெயர் சொல்லி அதட்டிக் கூப்பிட்ட காலத்தில் இவர் "திருமதி ஸ்மித்" என்றே அழைத்தார். உயிலில் ஆயுள் முழுக்க வருஷத்துக்கு 500 டாலர், அல்லது அவர் விரும்பினால் மொத்தமாக 5,000 டாலர். இன்னொரு வரிதான் எனக்குப் பிடித்தது: வீட்டுச் சாமான்களில் எது என்னுடையது, எது திருமதி ஸ்மித்துடையது என்று பிரிப்பது கஷ்டம், அந்த விஷயத்தில் அவர் சொல்வதை நம்ப வேண்டும். பாகப்பிரிவினை வழக்குகளில் ஒரு பித்தளை அண்டாவுக்காகப் பத்து வாய்தா பார்த்தவன் நான். ஒரு கறுப்பினப் பெண்ணின் வாய்வார்த்தையையே சாட்சியமாக எழுதிவைத்த உயிலைப் படித்தபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன்.

இந்த நாலு ஷரத்துக்கு இருபது நிமிஷம் கொடுங்கள். அதற்குள் கூட்டம் அவர் பக்கம் வந்துவிடும். வந்ததும் அவருக்கு எதிரான ஆவணத்தை எடுத்து மேசையில் போடுங்கள்.

எங்கள் வக்கீல் ஐயா அடிக்கடி சொல்வார், "கட்டுல நமக்குப் பாதகமான காகிதம் எதுன்னு முதல்ல சொல்லுய்யா. எதிராளி எடுத்து நீட்டுறதுக்கு முன்னாடி நான் பாக்கணும்." ஸ்டீவன்ஸின் கட்டில் அந்தக் காகிதம் 1821ஆம் வருஷத்து பட்லர் வழக்கு. முதல் கூட்டத்தில் இதை மறைத்தேன். எதற்கு நல்ல மனிதரைக் கறைப்படுத்த வேண்டும் என்று நினைத்தேன். கேள்வி நேரத்தில் ஒரு கல்லூரிப் பையன் செல்போனைப் பார்த்தபடியே, "இவர் அடிமை முதலாளிக்காகவும் வாதாடியிருக்காரே ஐயா?" என்றான். அதோடு கூட்டம் முடிந்தது.

வழக்கு இதுதான். பென்சில்வேனியா மாநிலத்தில் 1780லேயே அடிமை முறையைப் படிப்படியாக ஒழிக்கச் சட்டம் வந்துவிட்டது. வெளிமாநில முதலாளி தன் அடிமையைக் கூட்டிக்கொண்டு வந்து ஆறு மாதத்துக்கு மேல் இங்கே தங்கவைத்தால் அந்த ஆள் விடுதலை. சாரிட்டி பட்லர் என்ற பெண் பக்கத்து மேரிலாந்து மாநிலத்து அடிமை. அவரைப் பலமுறை பென்சில்வேனியாவுக்குக் கூட்டிவந்து போயிருந்தார்கள். தங்கிய நாட்களைக் கூட்டினால் ஆறு மாதம் தாண்டுகிறது, எனக்கு விடுதலை கொடுங்கள் என்பது அவர் தரப்பு. ஸ்டீவன்ஸ் ஆஜரானது முதலாளி தரப்பில். சட்டத்தில் சொன்ன ஆறு மாதம் தொடர்ச்சியாக இருக்க வேண்டும், விட்டு விட்டு வந்ததைக் கூட்டக் கூடாது என்று வாதாடினார். ஜெயித்தார். பட்லர் அடிமையாகவே திரும்பிப் போனார்.

இதை டெல்டாவில் விளக்குவது ரொம்பச் சுலபம். நிலத் தகராறு பார்க்காத வீடு இங்கே எது? பன்னிரண்டு வருஷ அனுபோகம் என்று சொல்லுங்கள் போதும். ஒருவர் நிலத்தை இன்னொருவர் பன்னிரண்டு வருஷம் விடாமல் வைத்திருந்தால் உரிமை கோரலாம், ஆனால் இடையில் விட்டுவிட்டு மறுபடி புகுந்தால் பழைய கணக்கு செல்லாது. அதே வாதம். என் கூட்டத்தில் இருந்த ஒரு பெரியவர் உடனே, "அப்ப சட்டப்படி அவரு சொன்னது சரிதானே?" என்றார். "வாதம் சரிதாங்க, ஆனா அங்க நிலத்துக்குப் பதிலா ஒரு பொம்பள இருந்தா" என்றேன். அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

இதற்குப் பிறகு அவரை உடனே காப்பாற்றப் போகாதீர்கள். அந்த வழக்கு ஜெயித்ததால் மனசு உறுத்தித்தான் மாறினார் என்று சொல்ல ஆசையாக இருக்கும். அப்படி அவர் எழுதிவைத்த காகிதம் ஒன்றும் என் கட்டில் இல்லை. தேதிகளை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். 1821இல் முதலாளிக்காக வாதம். 1823இல் சுதந்திர தின விருந்தில், அடுத்த ஜனாதிபதி எந்த அடிமைக்கும் விலங்கு பூட்டாதவராக இருக்கட்டும் என்று வாழ்த்துரை. 1838இல் பென்சில்வேனியாவுக்குப் புது அரசியல் சட்டம் எழுதியபோது, வெள்ளையருக்கு மட்டும் ஓட்டு என்று போட்டுவிட்டார்கள் என்பதற்காக அதில் கையெழுத்துப் போட மறுப்பு. 1851இல் கிறிஸ்டியானா வழக்கு: தப்பி வந்தவர்களைப் பிடிக்க வந்த மேரிலாந்து முதலாளி மோதலில் கொல்லப்பட, 38 பேர் மீது தேசத்துரோகக் குற்றச்சாட்டு. முதலில் விசாரிக்கப்பட்டவர் காஸ்ட்னர் ஹான்வே என்ற மாவு மில்காரர். அவருக்காக ஆஜரான வக்கீல்களில் ஸ்டீவன்ஸும் ஒருவர். ஜூரிகள் கால் மணி நேரத்தில் நிரபராதி என்று சொல்லிவிட்டார்கள். 1821க்கும் 1851க்கும் நடுவில் முப்பது வருஷம். கேட்பவர்கள் தாங்களே அந்த இடைவெளியை நிரப்பிக்கொள்வார்கள், நாம் கையைக் கட்டிக்கொண்டு நின்றால் போதும்.

பெயர்கள் ஒரு தொல்லை. தாடியஸ் என்று சொன்னதும் சின்னப் பிள்ளைகள் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று, "தாடியஸுக்குத் தாடி கிடையாது, தலையில இருந்ததும் விக்" என்று நானே சொல்லிவிட்டேன். உண்மைதான். முடியெல்லாம் கொட்டிப்போய்ச் செம்பட்டை விக் வைத்திருந்தார். வேளாங்கண்ணிப் பக்கத்துக்காரர்கள் இருந்தால் இயேசுவின் சீடர் யூதா ததேயுவை நினைவுபடுத்துங்கள், அதே பெயர்தான், சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். மொத்தத்தில் ஆறு பெயருக்கு மேல் சொல்லாதீர்கள். ஜனாதிபதிகளில் லிங்கனும் ஆண்ட்ரூ ஜான்சனும் போதும்.

ஆள் பெயரைவிடப் பெரிய தொல்லை காங்கிரஸ். "அவர் காங்கிரசில் சேர்ந்தார்" என்று முதல் கூட்டத்தில் சொன்னேன். கதர்ச் சட்டை போட்ட ஒரு பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கால் மணி நேரம் கழித்துத்தான் புரிந்தது, அவர் நம்மூர்க் காங்கிரஸ் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். அங்கே காங்கிரஸ் என்றால் பாராளுமன்றம். அதனால் பாராளுமன்றம் என்றே சொல்லுங்கள். அந்தக் காலத்தில் குடியரசுக் கட்சி அடிமை முறை பரவுவதை எதிர்த்த கட்சி என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள், இன்றைய டிவி செய்தியோடு குழப்பிக்கொள்ளாமல் இருக்க.

வக்கீல் சன்னது வாங்கிய கதையை விட்டுவிடாதீர்கள், கூட்டம் தூங்க ஆரம்பித்தால் அதுதான் சுக்கு காபி. பென்சில்வேனியாவின் யார்க் ஊரில் வாத்தியாராக இருந்துகொண்டே சட்டம் படித்தார். வேறு வேலை பார்த்துக்கொண்டு படித்தவர்களுக்கு அங்கே சன்னது கிடையாது என்று வக்கீல்கள் விதி போட்டிருந்தார்கள். உடனே எல்லையைத் தாண்டி மேரிலாந்தின் பெல் ஏர் ஊருக்குப் போனார். பரீட்சை வைத்தவர்கள் முதலில் கேட்டது இரண்டு பாட்டில் மதேரா ஒயினாம். அது காலியானதும் ஒன்றிரண்டு கேள்வி, பிறகு இன்னும் கொஞ்சம் ஒயின், சன்னது ரெடி. பல வருஷம் கழித்து அவரே இப்படிச் சொன்னதாகக் கதை. "கதை" என்றே சொல்லுங்கள், ஆவணம் என்று சொல்லாதீர்கள்.

பள்ளிச் சட்டத்துக்கு வருவோம். 1834இல் பென்சில்வேனியா எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசப் பள்ளி என்று சட்டம் போட்டது. அதற்கு முன்பும் ஏழைகளுக்கு இலவசம் உண்டு, ஆனால் நான் பரம ஏழை என்று பெற்றோர் பதிவு செய்துகொள்ள வேண்டும். புதுச் சட்டத்தால் வரி ஏறும் என்று ஊரெல்லாம் எதிர்ப்பு. ரத்து செய்யவே பலர் ஜெயித்து வந்திருந்தார்கள், மாநில செனட் ரத்துக்கு ஓட்டும் போட்டுவிட்டது. 1835 ஏப்ரல் 11 அன்று கீழ்ச் சபையில் ஸ்டீவன்ஸ் எழுந்து பேசினார். பழைய முறைக்கு, பணக்காரரிடமிருந்து ஏழையைப் பிரித்துக் காட்ட ஏழைக்குச் சூடு போடும் சட்டம் என்று பெயர் வையுங்கள் என்றார். ரத்து முயற்சி தோற்றது.

இந்த இடத்தில் காமராஜரை இழுத்து வருவார்கள் எல்லாரும். நான் இழுக்கவில்லை. எனக்கு நடந்த ஒன்றைச் சொன்னேன். எட்டாம் வகுப்பில் எங்கள் வாத்தியார் இலவச நோட்டு வாங்குகிறவர்கள் எல்லாம் எழுந்து நில்லுங்கள் என்பார். நாங்கள் ஏழு பேர் நிற்போம். நோட்டு வந்து சேர ஒரு வாரம் ஆகும், தினமும் எண்ணுவார், தினமும் நிற்போம். நோட்டின் அட்டை நிறம்கூட இன்றைக்கும் நினைவிருக்கிறது, வெளிறிப்போன பச்சை. சூடு போடுவது என்றால் என்ன என்று அதன் பிறகு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. உங்களுக்கும் இப்படி ஒன்று கட்டாயம் இருக்கும். ஒன்று போதும். இரண்டாவதைச் சொன்னால் கூட்டம் உங்கள் வாழ்க்கை வரலாறாக மாறிவிடும்.

அடுத்தது அளவு. நிலத்தை ஏக்கரில் சொல்லாதீர்கள், வேலியில் சொல்லுங்கள். ஒரு ஏக்கருக்கு மூன்று மா, இருபது மா ஒரு வேலி என்ற கணக்கு இங்கே அறுபதைத் தாண்டியவர்களுக்கெல்லாம் விரல் நுனியில் இருக்கிறது. 1865 செப்டம்பரில், உள்நாட்டுப் போர் முடிந்த சூட்டோடு, லங்காஸ்டரில் ஸ்டீவன்ஸ் ஒரு திட்டம் சொன்னார். தெற்கே 200 ஏக்கருக்கு மேல் வைத்திருக்கும் கலகக்காரப் பண்ணையார்கள் சுமார் 70,000 பேர். அவர்கள் கையில் 39 கோடி ஏக்கருக்கு மேல். அதைப் பறிமுதல் செய்து, விடுதலையான ஒவ்வொரு ஆண்மகனுக்கும் 40 ஏக்கர் கொடுப்போம், மீதியை விற்றுப் போர்க்கடனை அடைப்போம் என்றார்.

கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். 200 ஏக்கர் என்றால் 30 வேலி. 40 ஏக்கர் என்றால் 6 வேலி. "ஆறு வேலியா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். குத்தகைக்குச் சாகுபடி செய்கிறவர், வாய்க்கால் தண்ணீருக்காக ராத்திரி முழுக்கக் கண்விழிப்பவர். "நம்ம உச்சவரம்பே குடும்பத்துக்குப் பதினஞ்சு ஸ்டாண்டர்டு ஏக்கர்தாங்க. அவரு கூலிக்காரனுக்கே நாப்பது குடுக்கச் சொன்னாரா? கெடச்சுச்சா?" கிடைக்கவில்லை. 1867இல் மசோதாவாகவே கொண்டுவந்தார், நிறைவேறவில்லை. விடுதலை கிடைத்தது, ஓட்டு வந்தது, நிலம் வரவில்லை. விளைச்சலில் பங்கு என்ற வாரத்துக்கு உழுது பழைய முதலாளியிடமே கடன்பட்டார்கள். வாரம், கடன் என்ற இரண்டு சொல்லையும் இங்கே யாருக்கும் அகராதி பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை. தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952இல் வந்த ஜில்லா இது.

இங்கே நான் அடித்துவிட்ட ஒரு வரியைச் சொல்கிறேன். ஸ்டீவன்ஸ் இறந்து நூறாவது வருஷம், 1968 டிசம்பர் 25, கூலித் தகராறில் கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசையோடு கொளுத்தினார்கள். 1868, 1968 என்று எழுதி வைத்திருந்தேன். மேடையில் சொல்ல நல்ல வரிதான், கை தட்டுவார்கள். கை தட்ட வைக்கிற வரி அது இல்லை என்று தோன்றியது, அடித்துவிட்டேன். கூட்டத்தில் இருந்தவர்கள் ஆறு வேலியைக் கேட்டதுமே தங்களுக்குள் அந்த ஊர்ப் பெயரைச் சொல்லிக்கொண்டார்கள்.

திருத்தங்கள் பகுதியைச் சுருக்கமாக முடியுங்கள். 13ஆவது அடிமை முறையை ஒழித்தது, 14ஆவது சமப் பாதுகாப்பு கொடுத்தது. போர்க்காலத்தில் சபையின் வரி, நிதிக் குழுவுக்கு அவர்தான் தலைவர், காசு ஏற்பாடெல்லாம் அவர் கையில் என்று ஒரு வரி. 14ஆவது திருத்தம் நினைத்த அளவுக்கு வலுவாக வரவில்லை என்று அவருக்கே குறை. அப்படியானால் ஏன் ஓட்டுப் போடுகிறீர்கள் என்று தன்னையே கேட்டுக்கொண்டு, நான் தேவதைகளுக்கு நடுவில் வாழவில்லை, மனிதர்களுக்கு நடுவில் வாழ்கிறேன், அதனால் என்றார். ராஜி பேசித் தீர்த்த வழக்குகளில் எங்கள் ஐயா முகத்தில் இதைப் பார்த்திருக்கிறேன். ஜனாதிபதி ஜான்சனைப் பதவியிலிருந்து இறக்க நடந்த விசாரணையை மட்டும் கொஞ்சம் நீட்டலாம். நடக்க முடியாமல் நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். செனட்டில் 35க்கு 19. மூன்றில் இரண்டு பங்குக்கு ஒரே ஒரு ஓட்டு குறைவு. ஒரு ஓட்டில் பஞ்சாயத்துத் தலைவர் பதவி போன ஊர்களில் இதைச் சொல்லிப் பாருங்கள்.

நடைமுறைக் காரியங்கள் கொஞ்சம். கூட்டத்தை மே மாதத்தில் வையுங்கள். ஜூன் 12 மேட்டூர் திறந்தால் ஆள் கிடைக்காது, தை மாசம் அறுப்பு. கரண்ட் போகும் என்று வைத்துக்கொண்டே தயார் செய்யுங்கள், மைக் இல்லாமல் கேட்கும்படி நாற்காலிகளை அரை வட்டமாகப் போடுங்கள். படம் காட்டுவதானால் ஒரே படம், அவர் முகம், பேசத் தொடங்கும்போதே சுற்றுக்கு விட்டுவிடுங்கள். கடுகடுத்த முகம், உதடு இறுகி இருக்கும். பார்த்த எல்லாரும் "கோவக்காரரா இருப்பாரு போல" என்றார்கள், தப்பில்லை.

கடைசிப் பத்து நிமிஷத்துக்குச் சமாதியை வைத்துக்கொள்ளுங்கள். 1868 ஆகஸ்ட் 11 நள்ளிரவில் வாஷிங்டனில் இறந்தார். 14ஆவது திருத்தம் சட்டமாகி அப்போது ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. பாராளுமன்றக் கட்டடத்தின் நடு மண்டபத்தில் உடலை வைத்தார்கள். அங்கிருந்து லங்காஸ்டருக்குக் கொண்டுவந்து புதைத்தது ஊரின் பெரிய இடுகாட்டில் அல்ல, சின்னதாக ஒன்றில். கல்லில் என்ன பொறிக்க வேண்டும் என்று அவரே எழுதி வைத்திருந்தார். அதை இப்படித் தமிழில் எழுதிக்கொண்டு போனேன்:

"தனிமையை விரும்பி நான் இந்த ஒதுக்குப்புறத்தில் படுத்திருக்கவில்லை. மற்ற இடுகாடுகளில் இன்ன இனத்தார்தான் வரலாம் என்று விதி இருப்பதைக் கண்டேன். நீண்ட வாழ்நாள் முழுக்க நான் பேசிய கொள்கையை என் சாவிலும் காட்டவே இந்த இடத்தைத் தேர்ந்தேன்: படைத்தவன் முன் மனிதர் எல்லாரும் சமம்."

இதை மெதுவாக, ஒரே தடவை வாசியுங்கள். வாசித்ததும் தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுங்கள். நன்றி வணக்கம் வேண்டாம். கேள்விகள் உண்டா என்றும் கேட்காதீர்கள். முதல் கூட்டத்தில் கேட்டேன், அதனால்தான் செல்போன் பையன் வந்தான்.

எங்கள் ஊரில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. மின்விசிறி மட்டும் கிரீச் கிரீச் என்று சுற்றிக்கொண்டிருந்தது. அப்புறம் கீழத்தெருவிலிருந்து வந்திருந்த ஒருவர், கூட்டத்துக்கு அன்றுதான் முதல் தடவை வருகிறவர், உட்கார்ந்தபடியே கேட்டார். "ஏங்க, நம்ம ஊரு ஆத்தங்கரையில ரெண்டு சுடுகாடு இருக்குல்ல. ரெண்டுக்கும் போற பாதையில எங்க பாதைக்கு மட்டும் இன்னும் ரோடு போடலியே, அதுக்கு யாருகிட்ட மனு குடுக்கணும்?"

வார்டு உறுப்பினர் இரண்டாவது வரிசையில்தான் இருந்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நான் பையிலிருந்து தாளை மறுபடி எடுத்து, பின்பக்கம் காலியாக இருந்ததால், "பெறுநர்" என்று எழுத ஆரம்பித்தேன்.